வாங்கியவன் மேல் சந்தேகம்

என் நாவல்களை மின்நூல்களாக வெளியிடப் போகும் பதிப்பாளர் கடிதம் எழுதியிருக்கிறார். பிரதி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட வேண்டுமா, வேண்டாமா என்பது அவர் கேள்வி. ஒரு வரிக் கேள்விதான், உறக்கத்தைக் கெடுத்துவிட்டது.

நான் நடுநிலையில் நின்று பேசக் கூடியவன் அல்லன். எழுதிப் பிழைப்பவன். என் நாவலின் திருட்டுப் பதிப்பு நடைபாதைக் கடையில் பாதி விலைக்குக் கிடந்ததைக் கண்டு வயிறெரிந்தவன். இசைக் கம்பெனிகள் தங்கள் குறுந்தகடுகளைப் பூட்டத் தொடங்கியபோது என் மனம் அவர்கள் பக்கமே சாய்ந்தது.

அந்தப் பூட்டுக்களின் கதை வேடிக்கையானது. 2002-இல் ஐரோப்பாவில் செலின் டியோன் என்ற பாடகியின் தகடு பூட்டோடு வெளிவந்தது. கம்ப்யூட்டரில் இட்டால் பாடாது. சில கம்ப்யூட்டர்கள் செயலற்று நின்றும் போயின. ஆனால் தகட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தால் இந்த வகைப் பூட்டுத் திறந்துகொள்ளும் என்று விரைவிலேயே தெரிந்துவிட்டது! அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வந்த வேறொரு பூட்டுக்கு அந்தச் சிரமமும் இல்லை. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே தகட்டைச் செலுத்தினால் போதும். இதைக் கண்டு சொன்ன பிரின்ஸ்டன் மாணவர் மேல் வழக்குத் தொடரப் போவதாகப் பூட்டுச் செய்த கம்பெனி மிரட்டியது, பிறகு பின்வாங்கிக்கொண்டது.

இதுவரையில் சிரிக்கலாம். 2005-இல் நடந்தது சிரிப்பதற்கில்லை. மார்க் ருஸ்ஸினோவிச் என்ற கம்ப்யூட்டர் நிபுணர், தம் கம்ப்யூட்டருக்குள் ஏதோ ஒன்று கண்ணுக்குப் புலப்படாமல் ஒளிந்திருப்பதைக் கண்டார். துருவிக்கொண்டே போனால், அவர் விலை கொடுத்து வாங்கிய சோனி பி.எம்.ஜி. தகட்டிலிருந்து இறங்கிய புரோகிராம் அது! பூட்டைக் காப்பதற்காகத் தன்னையே மறைத்துக்கொண்டிருந்தது. அதன் நிழலில் வேறு கெட்ட புரோகிராம்களும் பதுங்கலாம். பிடுங்கி எறியப் போனாலோ, தகடு வாசிக்கும் கருவியே முடங்கிவிடும். அக்டோபர் 31-ஆம் தேதி அவர் இதை வெளியிட்டார். எதிர்ப்பு மூண்டது. நவம்பரில் கம்பெனி தகடுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இவ்வளவு துன்பமும் யாருக்கு வந்தது? ஓசியில் பிரதி எடுத்துக் கேட்டவனுக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்குக் கிடைத்தது பூட்டில்லாத பாட்டு. அந்தத் தகட்டோடு ஓர் உடன்படிக்கையும் வந்தது. தகடு கைவிட்டுப் போனால், கம்ப்யூட்டரில் உள்ள பிரதியையும் அழித்துவிட வேண்டுமாம். அதாவது, திருடன் வந்து தகட்டைத் தூக்கிப் போனால், பறிகொடுத்தவன்தான் மிச்சமிருக்கும் பாட்டையும் இழக்க வேண்டும். இதை எழுதிய வக்கீலின் வீட்டில் ஒருநாளும் திருட்டுப் போயிராது!

'அப்படியானால் விற்பவன் ஏமாந்துகொண்டே இருக்க வேண்டுமா?' என்று நீங்கள் கேட்கலாம். நடைபாதைக் கடையை நினைத்தால் நானும் அதையேதான் கேட்கிறேன். தன் கடைக்கு அவன் எத்தனை பூட்டு வேண்டுமானாலும் போடட்டும். விற்று, காசையும் எண்ணி வாங்கிக்கொண்ட பிறகு, வாங்கியவன் வீட்டு இருட்டில் சொல்லாமல் ஆள் நிறுத்தி வைக்க அவனுக்கு என்ன உரிமை?

'பூட்டு வேண்டாம்' என்று பதிப்பாளருக்கு எழுதி உறையை ஒட்டிவிட்டேன். தபாலில் சேர்க்காமல் இரண்டு நாளாக அது மேஜைமேல் கிடக்கிறது.