எண்ணெய் தீர்ந்த வீடு

ஒரு நாள் காலை, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்காக மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வந்து அமர்ந்தார். எண்ணெய் வரவில்லை. வாய் திறந்து அவர் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்த மாணவருக்குத்தான் வீட்டில் எண்ணெயே இல்லை என்பது தெரிந்தது. கையில் இருந்த காசோடு கடைக்கு ஓடி, வாங்கி வந்து வைத்தார். அந்த மாணவர்தான் உ.வே.சாமிநாதையர். அவர் ‘என் சரித்திர’த்தில் சொல்லியிருக்கும் இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துப் போகிறது.

திருச்சிராப்பள்ளிக்கு அருகே 1815-இல் பிறந்தவர் பிள்ளை. பதினைந்து வயதில் தந்தையை இழந்தார். நூல்கள் ஏட்டில் முடங்கிக் கிடந்த காலம் அது. சுவடி வைத்திருப்பவரைத் தேடிப் போய்த்தான் படிக்க வேண்டும். தண்டியலங்காரம் அறிந்த ஒரு பரதேசி ஊரில் பிச்சையெடுத்துத் திரிந்தபோது, அவர் பின்னாலேயே வீதி வீதியாக நடந்து பாடம் கேட்டார் பிள்ளை. கல்விக்காக இப்படிப் பணிந்தவர், கல்வியைக் கொடுக்கும்போது யாரையும் தம்முன் பணிய வைக்கவில்லை.

மலைக்கோட்டையைச் சூழ்ந்த வீதிகளில் வாழ்ந்த நாட்களிலேயே மாணவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். பாடத்துக்குப் பணம் கிடையாது. பலருக்குச் சோறும் அவர் வீட்டில்தான். சாதியோ சமயமோ அந்தத் திண்ணையில் தடையாக நிற்கவில்லை. கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளையும், நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள்தாம். உறையூருக்குப் புராணம் பாடினார். காவிரிக்கு அக்கரையில், திருவரங்கத்தை அடுத்த திருவானைக்காவில் கோயில் கொண்ட அகிலாண்டநாயகிக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்கள் அவர் வாக்கில் பிறந்தன.

பின்னர் மாயூரத்தில் குடியேறினார். திருவாவடுதுறை ஆதீனம் அவரை ஆதரித்தது. ஆனாலும் கடன் அவரை விடவில்லை. வந்த பொருளைச் சேர்த்து வைக்கும் வழக்கமே அவருக்கு இல்லை. தம் தேவையை இன்னொருவரிடம் சொல்லவும் நா எழாது. 1876 பிப்ரவரி 1-ஆம் நாள், சாமிநாதையர் திருவாசகம் படிக்கக் கேட்டபடியே கண்மூடினார். தலபுராணங்களைத் தேடிப் படிப்போர் இன்று குறைவு. ஆனால் அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவருடைய மாணவர் தியாகராச செட்டியார், 1880-இல் ஓய்வு பெறும்போது அந்த இடத்தைத் தம் உடன்மாணவரான சாமிநாதையருக்கே பெற்றுத் தந்தார். ஆசிரியரின் வண்மை மாணவரிடமும் ஊறியிருந்தது. அந்தக் கும்பகோண வாழ்க்கையில்தான் சாமிநாதையர் பதிப்பித்த சீவக சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அடுத்தடுத்து வெளிவந்தன. 1933-34-இல், எழுபது வயதைக் கடந்த பிறகு, ஆசிரியரின் வரலாற்றை எழுதி வெளியிட்டார் ஐயர். நன்றிக்கு மூப்பு இல்லை.

இந்த வாழ்க்கையைக் காட்டி, ‘வறுமைதான் புலமைக்கு அழகு’ என்று சொல்வோர் உண்டு. அது கொடிய சொல். அவர் பாட்டைக் கேட்டுத் தலையசைத்தவர்கள் எத்தனையோ பேர். அடுக்களையை எட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கொடுப்பவரின் அறம் கணக்குப் பாராமல் கொடுப்பது. அதை அவர் நிறைவேற்றிவிட்டார். பெறுபவரின் அறம் அவர் கேட்கும்வரை காத்திராமல் இருப்பது. அதில்தான் நாம் தவறுகிறோம். தன்மானம் உள்ளவர் கேட்கமாட்டார். அவர் கேட்கவில்லை என்பதையே குறையில்லை என்பதற்குச் சான்றாக்கிக்கொண்டு நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

திருச்சியின் பழைய வீதிகளிலும் திருவரங்கத்துத் திண்ணை வீடுகளிலும், நமக்கு எழுத்தறிவித்தவர்கள் முதுமையில் இன்றும் இருக்கிறார்கள். போனால், ‘சௌக்கியமாக இருக்கிறேன்’ என்றே சொல்வார்கள். அந்தச் சொல்லோடு வாசலிலிருந்து திரும்பிவிடாதீர்கள். சாமிநாதையர் செய்ததைப் போல, ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.