இருபொருட் சொல்லும் அரசியல் அறமும்: அராபியப் புரட்சி எழுப்பும் ஒரு வினா

தனிமனிதன் ஒருவன் கொடுத்த வாக்கை மீறுவானாயின் சமூகம் அவனை இகழ்கின்றது. ஓர் அரசு அதனையே செய்யுமாயின் இராசதந்திரம் எனப் பாராட்டுகின்றது. காரணங்கள் மாறியபின் வாக்கைக் காத்தல் அரசனுக்குக் கடமையன்று என மாக்கியவெல்லி கூறியதிலிருந்து இவ்விரட்டை அளவுகோல் பற்றிய விவாதம் ஓயவில்லை. ஆயின், அதனினும் நுண்ணிய வினா ஒன்றுண்டு. வாக்கை வெளிப்படையாக மீறாது, தொடக்கத்திலேயே இருபொருள்பட உரைத்து வைத்து, பின்னர் தனக்கு வாய்ப்பான பொருளை எடுத்துக்கொள்பவன் வாக்குத் தவறியவனாவானா? முதலாம் உலகப் போரின்போது துருக்கிய ஆட்சிக்கு எதிராக எழுந்த அராபியப் புரட்சியின் வரலாறு இவ்வினாவை ஆராய்தற்குப் பெரிதும் துணைசெய்வதாகும்.

1914ஆம் ஆண்டின் இறுதியில் ஒட்டோமன் பேரரசு ஜேர்மனியின் பக்கம் நின்று போரில் இறங்கிற்று. சுல்தான் கலீபா என்ற முறையில் புனிதப் போருக்கு அழைப்பு விடுத்தமை, இந்தியாவிலும் எகிப்திலும் பெருந்தொகையான முஸ்லிம்களை ஆண்ட பிரித்தானியாவை அச்சுறுத்தியது. அவ்வழைப்பின் வலிமையைக் குறைப்பதற்கு நபிகள் நாயகத்தின் மரபினரும் மக்காவின் அமீருமான ஷரீப் ஹுசைனின் துணை வேண்டப்பட்டது. 1915 ஜூலை முதல் 1916 மார்ச் வரை அவருக்கும் எகிப்திலிருந்த பிரித்தானிய உயர் ஆணையாளர் சேர் ஹென்றி மக்மாகனுக்குமிடையே பத்துக் கடிதங்கள் பரிமாறப்பட்டன. ஹுசைன் தமது முதற்கடிதத்திலேயே எல்லைகளைக் குறிப்பிட்டார். வடக்கே மேர்சின், அதனா. கிழக்கே பாரசீக எல்லை. தெற்கே ஏடன் நீங்கலாக இந்து சமுத்திரம். மேற்கே செங்கடலும் மத்தியதரைக் கடலும் ஆகிய இவற்றுக்குட்பட்ட நிலம் முழுவதும் சுதந்திர அராபிய அரசாதல் வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

1915 ஒக்டோபர் 24இல் மக்மாகன் எழுதிய மறுமொழியிலேதான் சிக்கல் தொடங்குகின்றது. டமஸ்கஸ், ஹொம்ஸ், ஹமா, அலெப்போ ஆகிய மாவட்டங்களுக்கு மேற்கேயுள்ள சிரியப் பகுதிகள் விலக்கப்படும் என்றும், எஞ்சியவற்றிலும் பிரான்சின் நலன்களுக்குப் பங்கம் நேராத இடங்களில் மட்டுமே வாக்குறுதி செல்லும் என்றும் அவர் எழுதினார். மாவட்டம் என்பதற்கு அரபு வாசகத்தில் நின்ற சொல் ‘விலாயத்’. அச்சொல் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் குறிக்கலாம். துருக்கிய நிருவாக மாகாணத்தையும் குறிக்கலாம். முன்னைய பொருளைக் கொண்டால் பலஸ்தீனம் அந்நகரங்களுக்கு மேற்கே அன்று, தெற்கே கிடக்கின்றது. எனவே வாக்குறுதிக்குள் அடங்கும். பின்னைய பொருளைக் கொண்டால் டமஸ்கஸ் மாகாணம் அக்கபா வரை நீள்வதால் பலஸ்தீனம் அதற்கு மேற்கேயாகி விலக்கப்பட்டுவிடும். 1922ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையில் பிரித்தானியா இரண்டாவது பொருளையே தனதெனக் கொண்டது. ஆயின் ஹொம்ஸும் ஹமாவும் மாகாணங்களாக இருந்ததேயில்லை. ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் ஓரிடத்தில் நகரையும் மற்றோரிடத்தில் மாகாணத்தையும் குறிக்கும் எனக் கொள்ளுதல் பொருள்கோள் முறைக்கு ஒவ்வாது.

இக்கடிதங்கள் எழுதப்பட்ட காலத்திலேயே வேறு பேரங்களும் நிகழ்ந்தன. 1916 மே மாதத்தில் பிரித்தானியாவும் பிரான்சும் ருஷ்யாவின் இணக்கத்துடன் சைக்ஸ்-பிக்கோ உடன்படிக்கையை இரகசியமாக நிறைவேற்றின. சிரியக் கரையோரம் பிரான்சுக்கு, பக்தாதும் பஸ்ராவும் பிரித்தானியாவுக்கு, பலஸ்தீனத்துக்குச் சர்வதேச நிருவாகம், உள்நாட்டுப் பகுதிக்கு இரு வல்லரசுகளின் செல்வாக்கு வலயங்களுட்பட்ட அராபிய அரசு எனப் பங்கீடு அமைந்தது. பிரித்தானியருள்ளும் ஒருமைப்பாடில்லை. கெய்ரோவிலிருந்த அதிகாரிகள் ஹுசைனை ஊக்குவிக்க, இந்திய அரசாங்கமோ அக்கொள்கையை வெறுத்தது; அவருடைய போட்டியாளரான இப்னு சவூதுடன் 1915 டிசெம்பரில் தனி ஒப்பந்தம் செய்துகொண்டது. 1917 நவம்பர் 2இல் வெளிவந்த பல்போர் பிரகடனம் யூத மக்களுக்குப் பலஸ்தீனத்தில் தேசிய இல்லம் அமைப்பதை ஆதரித்தது.

இச்சொற்களை நம்பியோர் இழந்தவை சிறியனவல்ல. 1916 மே 6இல் ஜமால் பாஷா டமஸ்கஸிலும் பெய்ரூத்திலும் அராபிய தேசியவாதிகளைத் தூக்கிலிட்டான். அடுத்த மாதம் ஹுசைன் புரட்சிக்கொடியை உயர்த்தினார். 1917 நவம்பரில் போல்ஷெவிக்குகள் இரகசிய உடன்படிக்கைகளை வெளியிட்டபோதுதான் பங்கீட்டின் முழு வடிவமும் உலகுக்குத் தெரியவந்தது. புரட்சியில் பங்குகொண்ட லோரன்ஸ், ஏமாற்றுக்கு அறிந்தே துணைபோனமைக்காகத் தாம் வெட்கமுற்றதைப் பின்னர் எழுதினார். தனிமனிதனின் வெட்கம் அரசின் கடனைத் தீர்ப்பதில்லை.

பிரித்தானியாவின் சார்பில் மூன்று நியாயங்கள் கூறப்படுவதுண்டு. முதலாவது, சொல் தெளிவற்றதாதலின் மீறல் நிகழவில்லை என்பது. இதற்கு ஆங்கில மெய்யியலாளர் வில்லியம் பேலி 1785இலேயே விடையிறுத்துள்ளார். சரணடைந்தால் இரத்தம் சிந்தப்படாது என ஒரு கோட்டையின் காவலருக்கு வாக்களித்த தைமூர், அவர்கள் சரணடைந்தபின் அனைவரையும் உயிரோடு புதைத்த கதையை எடுத்துக்காட்டி, வாக்களிப்பவன் தன் சொல்லைக் கேட்போன் எப்பொருளில் ஏற்றுக்கொண்டதாக அப்போது கருதினானோ அப்பொருளிலேயே அவன் கட்டுப்படுகின்றான் என்றார். ஹுசைன் முழு நிலத்தையும் கேட்டிருந்ததை மக்மாகன் அறிவார். வெளிப்படையாக விலக்கப்படாத எதனையும் அவர் தமதென்றே கொள்வார் என்பதும் உய்த்துணரத்தக்கதே. பலஸ்தீனத்தை விலக்கக் கருதியவருக்கு ஜெரூசலத்தின் பெயரை எழுதுதல் அரிதன்று. மற்றவன் உயிரைப் பணயம் வைக்க இருக்கும்போது தெளிவாகப் பேசும் கடமை, வாசகத்தை வரையும் வலியோனையே சாரும்.

இரண்டாவது நியாயம் போரின் நிர்ப்பந்தம். நிர்ப்பந்தம் வாக்கை மீறுதலைச் சிலவேளை மன்னிக்கலாம். பிறரது குருதியைப் பெறும்பொருட்டு வஞ்சகமாக வாக்களித்தலை மன்னியாது. பொய் வாக்குறுதி மனிதனை வெறுங்கருவியாக்குகின்றது என கான்ற் வாதித்ததும் இக்கருத்துப்பற்றியே. மேலும், 1915இன் நெருக்கடி 1918 இறுதியில் இல்லை. துருக்கி சரணடைந்தபின், நவம்பர் 7இல், மக்கள் தாமே தெரியும் அரசாங்கங்களை அமைக்க உதவுவோம் எனப் பிரித்தானியாவும் பிரான்சும் கூட்டாகப் பிரகடனஞ் செய்தன. 1920 ஏப்ரிலில் சான் ரெமோவில் அந்நிலங்களை ஆணைப்பிரதேசங்களாகப் பங்கிட்டன. அவ்வாண்டு ஜூலை 24இல் மைசலூனில் பைசலின் அரசைப் பிரெஞ்சுப் படை வீழ்த்திற்று. அப்போது எந்த நிர்ப்பந்தம் இருந்தது?

மூன்றாவது, ஹுசைனும் தூயவரல்லர் என்பது. இதில் உண்மையுண்டு. அராபியர் அனைவரின் பெயராலும் அவர் பேசினார். அவரைத் தலைவராக ஏற்காதோர் பலர். கரையோரப் பிரச்சினையைப் போருக்குப்பின் எழுப்புவோம் என அவரும் ஒத்திவைத்தார். ஆயின் இவ்வாதத்தைத் தொடர்ந்து செலுத்தின் அது பிரித்தானியாவைக் காப்பதற்குப் பதிலாக வேறோர் உண்மையை வெளிப்படுத்தும். வாக்களித்தோர், பெற்றோர் ஆகிய இரு சாராருமே பேரப்பொருளான நிலத்தில் வாழ்ந்த மக்களின் இசைவைப் பெற்றிருக்கவில்லை. 1919இல் அமெரிக்க கிங்-கிரேன் ஆணைக்குழு அம்மக்களின் கருத்தைக் கேட்டறிந்தது. அதன் அறிக்கை ஒதுக்கப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் பல்போரே, பலஸ்தீனத்தில் மக்களின் விருப்பத்தைக் கேட்கும் சம்பிரதாயத்தைக்கூட நாம் மேற்கொள்ள எண்ணவில்லை என்ற கருத்துப்பட ஒரு குறிப்பில் எழுதினார்.

எனவே இங்கு நிகழ்ந்த அறப்பிழை இரண்டு படிகளைக் கொண்டது. நம்பியவனை ஏமாற்றியது ஒன்று. கேட்கப்பட வேண்டியவனைக் கேளாதது மற்றொன்று. முன்னது மக்காவின் ஓர் அரச குடும்பத்துக்கு இழைக்கப்பட்டது. ஈராக்கில் ஒரு முடியும் ஜோர்தானில் ஒரு முடியும் கொடுத்து அதனை ஓரளவு ஈடுசெய்தனர். பின்னது மக்களுக்கு இழைக்கப்பட்டது; முடிகளால் அதற்கு ஈடில்லை. மக்மாகன் கடிதங்களைப் பிரித்தானிய அரசு 1939இலேயே அதிகாரபூர்வமாக வெளியிட்டது. அவ்வாண்டு அவற்றை ஆராய்ந்த குழுவும், பலஸ்தீன மக்களின் விருப்பையும் நலனையும் கருதாது அந்நிலம்பற்றி முடிவுசெய்யும் உரிமை பிரித்தானியாவுக்கு இருக்கவில்லை என ஏற்றுக்கொண்டது. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து வந்த இவ்வொப்புதலால் எதுவும் மீளவில்லை.

தெளிவின்மை மொழியின் குறைபாடு என்றே நாம் பொதுவாக எண்ணுகின்றோம். அரசியலில் அது பெரும்பாலும் ஒரு தீர்மானமாகும். வலியோன் இருபொருள்பட எழுதிய சொல்லுக்குப் பொருள் கூறும் உரிமையும் பின்னர் வலியோனிடமே சென்றடைகின்றது. சிறுபான்மையினரும் சிறு தேசங்களும் தமக்கு நீட்டப்படும் எந்த உடன்பாட்டிலும் முதலில் கேட்க வேண்டியது என்ன கிடைக்கும் என்பதன்று. இச்சொல்லுக்கு நாளை பொருள் கூறப்போகிறவர் யார் என்பதே.