எது இரைச்சல்?

என் அக்கா மகன் தூத்துக்குடியில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறான். கொடைப் பாட்டு, கல்யாண வீடியோ, கட்சிக்காரர்களின் விளம்பரம் என்று பிழைப்பு ஓடுகிறது. போன மாதம் வீட்டுப் பரணில் கிடந்த ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். 1994இல் என் அம்மாச்சி செத்த அன்றைக்கு, இரவல் வாங்கிய டேப்ரிக்கார்டரில் நான் பதிந்தது. அதில் என் அம்மை ஒப்பாரி வைக்கிறாள். இப்போது அம்மையும் இல்லை.

"மாமா, இதச் சுத்தம் பண்ணித் தாறேன். ஆச்சி குரல் மட்டும் தனியா, கண்ணாடி கணக்கா நிக்கும். வருசத் தெவசத்துக்குப் போட்டுக் கேப்போம்" என்றான்.

அந்தக் கேசட்டில் என்னவெல்லாம் இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தேய்ந்த நாடாவின் 'உஸ்' சத்தம். பக்கத்து உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார். பெண்கள் மாரில் அடித்துக்கொள்ளும் சத்தம். தெருமுனையில் பறை. அம்மையின் இருமல். பாதியில், தெருவுக்குள் கால் வைக்காமல் வெளியே நின்றபடி கங்காணி போடும் சத்தம். அவன் கத்தியதும் அம்மை பாட்டை நிறுத்துகிறாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மூச்சு. அடுத்த அடியை முன்னைவிட உரக்க எடுக்கிறாள்.

பையன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். சத்தம் படமாக விரிந்தது. இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி, அழுத்தத்துக்குத் தக்கபடி நிறம். மோட்டார் அடியில் ஒரு நேர்கோடாக ஓடியது. இருமல் செங்குத்தாக ஒரு கீறல். அம்மையின் குரல் அடுக்கடுக்காக அலை அலையாக வளைந்து போனது. வேண்டாத கீறலைத் தூரிகையால் தடவினால் போதும், அக்கம்பக்கத்துச் சத்தத்தை வைத்தே மென்பொருள் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. மூச்சைத் தானே கண்டுபிடித்து அமுக்க ஒரு கருவி. எதிரொலியைக் குறைக்க ஒரு கருவி. ஒன்றாகக் கலந்து கிடக்கும் பாட்டையும் வாத்தியத்தையும் பிரித்துத் தர ஒரு கருவி. 1970களின் பிற்பகுதியில் ஜான் லெனன் வீட்டில் பியானோ வாசித்துப் பாடிய கேசட்டை 1995இல் மற்ற பீட்டில்ஸ்காரர்கள் எடுத்துப் பார்த்து, குரலைச் சரியாகப் பிரிக்க முடியாமல் கைவிட்டார்கள். அதே பாட்டு 2023இல் வெளிவந்தது. அன்று முடியாதது இன்று தூத்துக்குடிச் சந்துக்குள் ஒரு அறையில் முடிகிறது.

இரைச்சலை நீக்குவது எப்படி என்றும் காட்டினான். காசில்லாமல் கிடைக்கும் ஆடாசிட்டியில்கூட இது உண்டு. பாட்டு இல்லாத ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று மென்பொருளுக்கு நாம் சொல்ல வேண்டும். அது அந்தத் துண்டின் குணத்தைப் படித்துக்கொண்டு, நாடா முழுவதிலும் அதே சாயலில் இருப்பதைத் தேடித் தேடித் தணிக்கும். எது இரைச்சல் என்று அதற்குத் தானாகத் தெரியாது. யாராவது விரல் நீட்டிச் சொல்ல வேண்டும்.

எனக்கு உறைத்தது இந்த இடம்தான். விரல் நீட்டிச் சொல்லும் வேலையை இந்த நாட்டில் இவ்வளவு காலமும் யார் செய்தார்கள்? எங்கள் பறை சத்தம், அவர்கள் மத்தளம் நாதம். எங்கள் ஒப்பாரி கூப்பாடு, அவர்கள் உருக்கம் இசை. துடைக்கத் துடைக்க மதிப்புக் கூடும் என்பது தீட்டுக்காரர்களின் கணக்கு. 1997இல் வந்த ஆட்டோ-டியூன், பாடும் குரலை அருகில் உள்ள சுரத்துக்கு இழுத்து நிறுத்தும். அதைச் செய்த ஆண்டி ஹில்டெபிராண்ட் அதற்கு முன் ஒலி அலைகளைக் கொண்டு பூமிக்கடியில் எண்ணெய் தேடும் துறையில் இருந்தவர். ஒப்பாரி இரண்டு சுரத்துக்கு நடுவில்தான் அழுகிறது. அதைப் படியில் ஏற்றி நிறுத்தினால் சுருதி சேரும், அழுகை போய்விடும். மாஸ்டரிங் என்கிற கடைசி வேலையிலும் இதே கதை. சத்தத்தின் உச்சிகளை அமுக்கி எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அளவு மீறி அமுக்கினால், சிண்டுக்குச்சி தோலில் சுள்ளென்று படும் அந்த முதல் அடிதான் முதலில் மழுங்குகிறது. பறைக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கடலில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. நடந்த காலத்தில் சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிடுவார்கள். சதை புழுத்து, ஈ மொய்த்து, கரைந்த பிறகு கழுவி முத்தைப் பொறுக்குவார்கள். முத்து தேசம் தேசமாகப் போனது. நாற்றம் கரையிலேயே கிடந்தது. குரலை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவதும் எனக்கு அப்படித்தான் பட்டது.

இவ்வளவையும் நான் பேசி முடித்ததும், அதுவரை வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா வாயைத் திறந்தாள்.

"நீ படிச்சவன், என்னத்தையும் சொல்லுவ. அம்மை பாட்டுக்குள்ள அவன் சத்தம் எதுக்குடா? உசிரோட இருக்கையில ஏவுனான். செத்த பொறவும் நின்னு ஏவணுமா?"

பதில் சொல்ல வரவில்லை. அழிப்பதெல்லாம் ஆதிக்கம் என்று நான் எளிதாக முடித்துவிட்டேன். அவமானப்பட்டவளின் மகள், அந்த அவமானத்தைத் தெவசந்தோறும் ஏன் கேட்க வேண்டும்? நினைவு என்கிற பெயரில் புண்ணைத் தினமும் கிளறச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

பையன் ஒரு காரியம் செய்தான். அம்மை குரலைத் தணித்து, கங்காணி குரலை மேலே கொண்டுவந்தான். முப்பது வருசமாக உறுமலாகக் கேட்டது வார்த்தையாகத் தெளிந்தது. "ஏளா, அழுதது போதும். லாரி வந்து நிக்கு. உப்பு வார வாரியா, இல்ல கூலிய வெட்டவா?" பிறகு சாதிப் பேரைச் சொல்லி ஒரு வசவு. துடைக்கத் தெரிந்த அதே கருவிதான் காட்டிக்கொடுக்கவும் செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989லேயே வந்துவிட்டது. ஊரறிய இழிவுபடுத்துவது குற்றம் என்று 1994இல் எங்கள் தெருவில் யாரும் சொல்லித்தரவில்லை. இன்று அந்த நாடா எங்கள் சாட்சி. கைவைத்துத் திருத்திய சாட்சியை யார் நம்புவார்கள்?

பையன் இன்னொன்றும் சொன்னான். "கொஞ்ச நேரக் குரல் இருந்தாப் போதும் மாமா. ஆச்சிய வச்சிப் புதுப் பாட்டே பாட வைக்கலாம்." 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் இப்படிக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அவர்கள் பாடுவதைத் தொழிலாக ஏற்றவர்கள். என் அம்மை கதை வேறு. உப்பள முதலாளி வீட்டில் சாவு விழுந்தால் எங்கள் பெண்கள் போய் அழ வேண்டும். ஒரு தடவை அம்மை, "மேலுக்குச் சொகமில்ல, வரல" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஒரு வாரம் வேலை கொடுக்கவில்லை. அதன் பிறகு அவள் தன் சனத்துக்குத் தவிர யாருக்கும் பாடியதில்லை. அவள் சம்பாதித்த ஒரே சொத்து அந்த 'வரல' தான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அம்மைக்கு அதைச் சொல்லத் தெரியாது. யார் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் பாடும். அவளை மறுபடியும் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் அழ அனுப்ப எனக்கும் உரிமையில்லை, அக்காவுக்கும் இல்லை.

கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்து முடிவெடுத்தோம். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் மூலப் பதிவை எதுவும் திருத்தாமல் அப்படியே மாற்றி வைக்கத்தான் சொல்கிறது. அதனால் உஸ் சத்தம், மோட்டார், கங்காணி எல்லாத்தோடும் ஒரு பிரதி. அது சாட்சி. தெவசத்துக்கு இன்னொரு பிரதி. அதில் அவன் குரல் இல்லை, அக்கா கேட்டபடி. ஆனால் அவன் கத்திய இடத்தை ஒட்டவில்லை. இருமலும் மூச்சும் பறையும் இருக்கின்றன. என்ன எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று பையனே தன் குரலில் முதலில் சொல்லிவிடுகிறான். புதுப் பாட்டு கிடையாது.

தெவசத்தன்று போட்டுக் கேட்டோம். அம்மை நிறுத்திய இடம் வந்தது. சின்னப் பிள்ளை ஒன்று, "ஆச்சி ஏன் பாடல?" என்று கேட்டது.

அக்காதான் சொன்னாள். முழுசாகச் சொன்னாள்.