காயத்தின் எல்லை

நம் கவிதைகளில் தழும்பு மலிவான சரக்காகிவிட்டது. காதல் முறிந்தால் தழும்பு, ஊரைவிட்டு வந்தால் தழும்பு, சரித்திரம் என்றாலே தழும்பு. எழுதுகிறவன் உடம்பில் அது எங்கே இருக்கிறது, தொட்டால் எப்படி இருக்கும், ராத்திரியில் என்ன செய்யும் என்கிற விவரம் ஏதுமில்லாமல், நினைவு என்ற அருவமான சொல் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்கிறது. இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு தார்மீகத் தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. தழும்பை வைத்துக்கொள்கிறவன் உண்மையானவன், போக்கிக்கொள்ள நினைக்கிறவன் போலி. அதிலும் அழகுக்காகச் செய்துகொண்ட அறுவையில் வந்த தழும்பு என்றால் கேட்கவே வேண்டாம். வினை விதைத்தவர்கள் அறுக்கட்டும் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். இந்தத் தீர்ப்பை, கம்பம் பள்ளத்தாக்கில் இன்னும் கண்ணில் படுகிற ஸ்தூலமான ஒரு விஷயத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கத் தோன்றுகிறது. தைத்த காதைச் சொல்கிறேன்.

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போகிற வழியில் காது வளர்த்த கிழவிகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். சிறு பிள்ளையிலேயே காது குத்தி, துளையை மெல்லப் பெரிதாக்கி, ஈயக் குணுக்கு மாட்டி, கனத்தைக் கூட்டிக்கொண்டே போய், மடல் தோளை நெருங்குமளவு நீண்டபின் அதில் தண்டட்டியோ பாம்படமோ தொங்கும். வளர்ப்பது என்பதுதான் அதற்குச் சொல். பிள்ளை வளர்ப்பது, ஆடு வளர்ப்பது போல. எட்கர் தர்ஸ்டன் 1906ல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் அங்கக் கோணல், அங்கச் சிதைப்பு பற்றி ஒரு அத்தியாயம் உண்டு. காது வளர்ப்பு அங்கேதான் வருகிறது. ஊர் வளர்ப்பு என்றதைச் சென்னை மியூசியத்தின் அதிகாரி சிதைப்பு என்ற தலைப்பில் சேர்த்தார். நூற்றாண்டு போகப்போக ஊரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. தொங்குகிற காது பட்டிக்காட்டின் அடையாளமாயிற்று. வளர்த்த மடலை அறுத்து, ஓரத்தைச் சீவி, சேர்த்துத் தைத்து, சின்னக் கம்மல் போடுகிற காதாக ஆக்கிக்கொண்டார்கள். யாரும் அதை அழகு அறுவை என்று சொல்லவில்லை. ஆனால் அது வேறென்ன?

தைத்த காதுகளில் சில மறுபடியும் வளர்ந்தன. தையல் ஆறி, எல்லாம் முடிந்தது என்று நினைத்துச் சில மாதம் கழித்து, அந்த இடம் தடித்துச் சிவந்து, பட்டாணி அளவாகி, இலந்தையாகி, நாவல்பழமாகத் திரளும். சிவந்து என்பது பாடப்புத்தகத்து வார்த்தை. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் தோலில் அது கருஞ்சிவப்பு, பல சமயம் வெறும் கறுப்பு. மருத்துவர்கள் இதில் இரண்டு வகையைப் பிரிக்கிறார்கள். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது ஒன்று. ஓரிரு வருஷத்தில் அது தானாகவே தணியலாம். இன்னொன்று கீலாய்டு. காயத்தின் எல்லையைத் தாண்டி, கத்தி படாத தோலுக்குள்ளும் அது போகும். தானாக அடங்குவது அபூர்வம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர், நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை எடுத்தார். காது மடலிலும் நடுமார்பிலும் தோளிலும் அதிகம் வரும். கறுத்த தோலில் அதிகம். சில குடும்பங்களில் அதிகம்.

புண்ணை மூட உடம்பு கொலாஜன் என்ற நாரை நெய்கிறது. போதும் என்கிற இடத்தில் நெசவு நிற்க வேண்டும். கீலாய்டில் அது நிற்பதில்லை. ஆறி முடிக்கத் தெரியாத ஆறுதல் என்று இதைச் சொல்லலாம். தழும்பையும் நினைவையும் ஒன்றாக்கிய நம் சமன்பாடு இங்கே உடைந்துபோகிறது. நினைவு என்றால் நடந்ததோடு அதற்கு ஓரளவாவது அளவுப் பொருத்தம் வேண்டும். ஊசி குத்திய துளைக்கும் கத்தி கிழித்த நீளத்துக்கும் ஒரே உருண்டை திரளுமானால், அது எதை நினைவில் வைத்திருக்கிறது? சாட்சிக் கூண்டில் ஏறி, கேட்ட கேள்வியை மறந்து, தன் சொந்தக் கதையைப் பேச ஆரம்பித்த ஆளைப் போல அது.

கவிதை எழுதும் நண்பர் ஒருவர் இதை வேறுவிதமாகப் பார்க்கிறார். அறுத்துத் தைத்ததே வெள்ளைக்காரன் கண்ணுக்குப் பணிந்ததுதான். அந்தப் பணிவை உடம்பு ஏற்கவில்லை. கீலாய்டு அதன் எதிர்ப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குலதெய்வக் கோயிலில் மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தின பிள்ளைக்கும் இது வருகிறது. கையில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடத்தில் வருகிறது. அடுப்பங்கரையில் தீப்பட்ட இடத்தில் வருகிறது. இப்போது அழகு நிலையத்தில் காதின் மேல்குருத்தில் வளையம் போட்டுக்கொள்கிற கல்லூரிப் பெண்ணுக்கும் வருகிறது. உடம்பு அப்போது யாரை எதிர்க்கிறது, குலதெய்வத்தையா? ஆசைப்பட்டு வெட்டியதா, விபத்தா, சடங்கா என்பது தோலுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது வெட்டு மட்டும்.

மொழி இதில் நம்மைவிடச் சிக்கலாக யோசித்திருக்கிறது. வடு என்ற சொல்லுக்குத் தழும்பு என்றும் பொருள், குற்றம் என்றும் பொருள். பாடுபட்டுப் பழகிய கைகளையோ தழும்பேறிய கைகள் என்கிறோம். ஒரே தோல், ஒரு சொல்லில் பழி, மற்றதில் தேர்ச்சி. வெண்ணிப் போரில் பட்ட புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூறு பேசுகிறது. முன்னால் நின்றுவிட்டால் புகழ், பின்னால் தெரிந்தால் உயிரை விடுகிற வெட்கம். அர்த்தம் தோலில் இல்லை, பார்க்கிற கண்ணில் இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கறாரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சர்க்காரும் தன் பங்குக்குப் பார்த்திருக்கிறது: பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று ஒரு வரி உண்டு, மச்சம் இல்லாதவனைத் தழும்பு காப்பாற்றும். ஆக, தழும்பை வைத்துக்கொள்வதுதான் நேர்மை என்று தீர்ப்புச் சொல்கிறவனும் பார்க்கிறவன்தான். சுமக்கிறவன் இல்லை.

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளையில் நகைக்கடன் தினசரி நடக்கிற காரியம். தண்டட்டி வந்தால் நகை மதிப்பீட்டாளருக்குச் சங்கடம். மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. அரக்கைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். (கைக்குத் தெரிகிற கனத்தில் தங்கம் எவ்வளவு என்பது புத்தக மதிப்புரைக்கும் உதவுகிற கேள்வி. அது இன்னொரு சமயம்.) காது தைத்து வெகுகாலமான ஒரு மூதாட்டி, மாட்டுவதற்கு மடல் இல்லாத தண்டட்டியை அடகு வைக்க வந்தார். ஒரு காதின் கீழே உருண்டை. கடன் எதற்கு என்று கேட்டேன். காதைக் காட்டினார். மதிப்பீட்டாளர், "இந்த வயசுல அழகு எதுக்கு ஆத்தா?" என்றார், உரிமையோடுதான். "வயசு பாத்தா தம்பி அரிக்குது? ஒருக்களிச்சுப் படுக்க முடியல" என்றார் அந்த அம்மாள்.

அரிப்பு நியாயம், அழகு நியாயமில்லை என்று இதிலிருந்து ஒரு கோடு போட்டுவிடலாம். அது சுலபமான தப்பித்தல் என்று படுகிறது. அரிப்பு இல்லாமல், கண்ணாடியில் பார்க்கச் சகிக்கவில்லை என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் கடன் குறைந்த தகுதியுடையதாகியிருக்குமா? ஸுச்ருத ஸம்ஹிதை காது மடலை ஒட்டவைக்கப் பதினைந்து முறைகளைச் சொல்கிறது என்பது பலருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத விஷயம் இன்னொன்று. புண்ணுக்குச் செய்ய வேண்டிய 60 கிரியைகளை அது வரிசைப்படுத்துகிறபோது, மேலெழும்பிய சதையை அமர்த்துவது, வெளுத்த தழும்புக்குக் கருமை ஏற்றுவது, உதிர்ந்த ரோமத்தை முளைக்க வைப்பது எல்லாம் அதற்குள்ளேயே அடங்குகின்றன. நிறம் திரும்புகிற வரை வைத்தியம் முடியவில்லை. குணப்படுத்துவது ஒரு பக்கம், அழகுபடுத்துவது மறுபக்கம் என்று அந்த வைத்தியருக்குத் தோன்றவே இல்லை. நாம்தான் பிரித்தோம், பிரித்தபின் ஒன்றைப் புனிதம் என்றும் மற்றதை ஆடம்பரம் என்றும் சொன்னோம்.

காதை அறுத்திருக்க வேண்டுமா என்பது விசாரிக்க வேண்டிய கேள்விதான். வளர்த்திருக்க வேண்டுமா என்பதும் அப்படியே. பச்சைப் பிள்ளை சம்மதம் கொடுத்தா ஈயத்தைச் சுமந்தது? ஆனால் அந்த விசாரணை முடிகிற வரை இன்றைய உருண்டை காத்திருக்க வேண்டும் என்பதை எந்த அறத்திலிருந்து எடுக்கிறோம்? காயம் வந்த வழியைக் காரணம் காட்டிக் காயத்தை மறுப்பது, தண்டனையை உடம்பிடமே ஒப்படைத்துவிட்டு நாம் கைகழுவிக்கொள்வது. அந்தப் பெண்ணின் மடலில் மூன்று காலங்கள் தங்கள் அழகை எழுதிப் பார்த்திருக்கின்றன. எதுவும் அவரைக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. இந்தக் கடைசிக் காரியம் ஒன்றை அவராக, தன் தங்கத்தை வைத்துச் செய்கிறார்.

இனி சிகிச்சை. க.விலக்கில் 2004ல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்தபின், இதற்கெல்லாம் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியது குறைந்திருக்கிறது. அழித்துவிடுவது என்ற சொல் இங்கே பொருந்தாது. உருண்டையை வெறுமனே அறுத்தெடுத்தால் ஏறக்குறையப் பாதிப் பேருக்காவது திரும்ப வருகிறது, சில சமயம் முன்னைவிடப் பெரிதாக. எனவே நான்கு, ஆறு வாரத்துக்கொரு முறை டிரையாம்சினலோன் ஊசியை உருண்டைக்குள்ளேயே போடுகிறார்கள், நன்றாக வலிக்கும். அறுத்தாலும் பின்னாலேயே ஊசி, அல்லது ஓரிரு நாளுக்குள் கதிர்வீச்சு. புதிய தழும்புக்கு சிலிக்கோன் படலத்தை மாதக்கணக்கில் ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள். அரிப்பு பெரும்பாலும் முதலில் அடங்கும். தடிப்பு மெல்ல இறங்கும். ஊசி பட்ட இடம் வெளுக்கவும் கூடும். கோடு இருக்கும். காதுக்கென்று அழுத்துக் கம்மல் ஒன்றும் உண்டு, இரண்டு வில்லைகள் மடலை நடுவில் வைத்துப் பிடிக்கிற மாதிரி. கனத்தால் இழுத்து நீட்டிய மடலுக்கு, இப்போது நெருக்கி அடக்குகிற நகை. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று போட வேண்டும், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது. ராத்திரியில் போட்டுக்கொள்வது சௌகரியம் என்கிறார்கள்.