அஞ்சாதே, இன்ஜினைக் கழற்று!

“பழைய வண்டி அப்படித்தான் கத்தும். காற்றில் குளிரும் இன்ஜின் என்றால் காது கிழியத்தான் செய்யும். உள்ளே துருப் பிடித்தால் பிடிக்கட்டும். மூடியைச் சாத்து, யார் பார்க்கப் போகிறார்கள்?”

இப்படிச் சொல்லும் வாய் ஊருக்கு ஊர் உண்டு, தம்பி. அந்த வாயை நம்பித்தான் எத்தனையோ நல்ல வண்டிகள் ஷெட்டு மூலையில் மக்கிக் கிடக்கின்றன. எத்தனையோ நல்ல மனிதர்களும் அப்படியே முடங்கிக் கிடக்கிறார்கள். ‘இது இப்படித்தான்’ என்று ஒப்புக்கொண்டால் அங்கேயே தோற்றுவிட்டாய். ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்டுவிட்டால் எழுந்துவிட்டாய்.

பயம் எங்கே குடியிருக்கிறது தெரியுமா? காரணம் தெரியாத இடத்தில். கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும், என்னால் முடியும்’ என்று நூறு தடவை முழங்கினாலும் அந்தப் பயம் அசையாது. ஒரு வேலையை எடு. அதில் உள்ள ஒவ்வொரு தகரமும் ஒவ்வொரு ரப்பரும் ஏன் இருக்கிறது என்று தெரிந்துகொள். பிறகு கையை வை. நம்பிக்கை தானாக வரும். இதைக் கற்றுக்கொள்ள வோக்ஸ்வாகன் பீட்டிலின் இன்ஜின் அறையை விட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை. வா, பின்மூடியைத் திறப்போம்.

தேறாது என்று சொல்லப்பட்ட கார்

முதலில் இந்தக் காரின் கதையைக் கேள். 1945 ஆகஸ்டில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்புர்க் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் மேஜர் ஐவன் ஹர்ஸ்ட். வயது 29. குண்டுவீச்சில் சிதைந்த கட்டடம். கையில் போதிய பொருள் இல்லை. இயந்திரங்களைப் பிரித்து எடுத்துப் போய்விடலாம் என்ற பேச்சு வேறு. பிரிட்டிஷ் கார் துறையினர் வண்டியைப் பார்த்தார்கள். அழகில்லை, சத்தம் அதிகம், தேறாது என்று கைகழுவினார்கள்.

ஹர்ஸ்ட் கைகழுவவில்லை. இடிபாட்டை அகற்ற வைத்தார். ஒரு வண்டியை ஓட்டிக் காட்டி, ராணுவ நிர்வாகத்திடமிருந்து 20,000 கார்களுக்கு ஆர்டர் வாங்கினார். 1946 மார்ச்சுக்குள் மாதம் ஆயிரம் கார் என்ற அளவை அந்தத் தொழிற்சாலை எட்டிவிட்டது. 1972 பிப்ரவரி 17 அன்று 15,007,034-ஆவது பீட்டில் வெளியே வந்தபோது ஃபோர்டு மாடல் டி-யின் உலக சாதனை உடைந்தது. கடைசி வண்டி மெக்ஸிகோவின் புவெப்லா நகரில் 2003 ஜூலை 30 அன்று இறங்கியது. அதன் வரிசை எண் 21,529,464.

சத்தம் அதிகம் என்று ஒதுக்கப்பட்ட கார்தான் இது! உன்னை ஒதுக்கியவர்கள் என்ன சொன்னார்கள்? அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

காற்று போகும் வழி

பீட்டிலில் முன்னால் பெட்டி வைக்கும் இடம், பின்னால் இன்ஜின். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஜெனரேட்டர் தண்டிலேயே ஒரு காற்றாடி. பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள கீற்றுகள் வழியாக வரும் குளிர்ந்த காற்றை அது உறிஞ்சி, தகர உறைகள் வழியாக சிலிண்டர்களின் செதில்கள் மேல் அடிக்கிறது. சூடேறிய காற்று வண்டிக்கு அடியில் வெளியேறுகிறது. மேலே குளிர், கீழே சூடு. இரண்டுக்கும் நடுவே இன்ஜினைச் சுற்றி ஒரு தகரத் தட்டு, அந்தத் தட்டுக்கும் பாடிக்கும் இடையே ஒரு ரப்பர் பீடிங். அவ்வளவுதான் முழு ரகசியமும்.

இப்போது அந்த ரப்பர் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொள். கீழே போன சூடான காற்று இடைவெளி வழியாக மேலே ஏறி வரும். காற்றாடி அதையே மறுபடி உறிஞ்சி இன்ஜின் மேல் அடிக்கும். இன்ஜின் கொதிக்கும். அதே இடைவெளி வழியாகச் சத்தமும் ஏறி வரும். ரப்பரை மாற்றிவிட்டால் சூடும் அடங்கும், சத்தமும் குறையும்.

பார்த்தாயா? ‘பழைய வண்டி அப்படித்தான்’ என்றார்களே, அந்தப் பெரிய விதியின் ஒரு பாதி, கைக்கு அடங்கும் ஒரு ரப்பர் துண்டு! உன் வாழ்க்கையில் விதி என்று நீ தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் விஷயங்களையும் இப்படிக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறாயா?

நான்கு போல்ட்டுகள்

அறையைச் சுத்தமாக முடிக்க வேண்டுமானால் இன்ஜின் வெளியே வந்தாக வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் பின்வாங்குகிறார்கள். இன்ஜினை இறக்குவதா, நானா என்று. ஆம், நீதான்! பீட்டில் இன்ஜினை கியர் பாக்ஸோடு பிடித்திருப்பவை நான்கே நான்கு போல்ட்டுகள். பேட்டரியைக் கழற்று, பெட்ரோல் ட்யூபை அடை, ஆக்ஸிலேட்டர் கேபிளையும் ஹீட்டர் கேபிள்களையும் விடுவி, பின் தகரத்தை எடு. பிறகு அந்த நான்கு.

துணிவு என்றால் ஆழம் தெரியாமல் காலை விடுவது ஆகாது. நூறு கிலோவுக்கு மேல் எடை இருக்கிறது. நல்ல ஜாக்கி, உறுதியான ஸ்டாண்டு, கூட ஓர் ஆள், இந்த மூன்றும் இல்லாமல் வண்டிக்கு அடியில் போகாதே. உதவிக்கு ஆள் கூப்பிடுவது கௌரவக் குறைச்சலும் இல்லை. தனியாகத் தூக்குவேன் என்று வீம்பு பேசுகிறவனை விட, ‘அண்ணே, கொஞ்சம் பிடிங்க’ என்று கேட்கிறவன்தான் வேலையை முடிக்கிறான்.

பூசி மெழுகாதே!

இன்ஜின் வெளியே வந்துவிட்டது. முன்னால் கறுத்த அறை. பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு, துரு, உதிர்ந்த தார் அட்டை. கை பரபரக்கும். உடனே பெயின்ட் அடிக்கத் தோன்றும். நில்!

எண்ணெய் மேல் அடித்த பெயின்ட் தோலாக உரிந்து வரும். துரு மேல் அடித்த பெயின்ட் உள்ளுக்குள் துருவை வளர்த்துக்கொண்டே சிரிக்கும். முதலில் டிகிரீஸர் போட்டுக் கழுவு. வயர் பிரஷ்ஷால் துருவை உலோகம் தெரியும்வரை தேய். ஓட்டை இருந்தால் தகரம் வைத்து வெல்டிங். பட்டி பூசி மறைக்காதே. பிறகு பிரைமர். இணைப்புகளில் சீலர். அது நன்றாகக் காய்ந்தபின் எமரி பேப்பரில் தேய்த்துவிட்டுக் காரின் அசல் நிறம்.

அறையின் விளிம்பில் ஒரு சின்னக் காடி ஓடும். பீடிங்கின் அடிப்பகுதி அதற்குள்தான் செருகிக்கொள்ளும். இரண்டு மடிப்புத் தகரத்துக்கு நடுவே அழுக்கு கல்லாக இறுகியிருக்கும். மெல்லிய ஸ்குரூடிரைவர் முனையால் அங்குலம் அங்குலமாகக் கீறி எடுக்க வேண்டும். பெயின்ட் அடிக்கும்போது அங்கே சொட்டு திரண்டு நின்றாலும் ரப்பர் உட்காராது, பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். வண்டி முடிந்தபின் இந்தக் காடியை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் காற்றுக்குத் தெரியும், நீ அங்கே ஏமாற்றினாயா இல்லையா என்று.

தகர உறைகளுக்கு மெல்லிய கறுப்புப் பூச்சு போதும். சிலிண்டர் செதில்கள் மேலும் கிராங்க் கேஸ் மேலும் பளபளப்புக்காகத் தடிப்பாகப் பூசாதே. அவை மூச்சுவிட வேண்டிய உடம்பு. தடித்த பூச்சு சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். அழகு என்ற பெயரில் வேலையைக் கெடுக்கும் பூச்சு நமக்கு எதற்கு?

சத்தத்தின் மூலத்தைப் பிடி

சத்தத்தை அடக்க எல்லோரும் முதலில் ஓடுவது ஷீட் வாங்க. நீ முதலில் ஃபீலர் கேஜை எடு. இன்ஜின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளி 0.15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்தத் தகட்டைச் செருகி இழுத்தால் லேசாகப் பிடித்து வழுக்கி வரவேண்டும். தொளதொளவென்று வந்தால் டாப்பெட் ‘டக் டக்’ என்று அடிக்கும். சைலன்சர் இணைப்பில் கசிவு இருந்தால் ‘புஸ் புஸ்’ என்று துப்பும். இவற்றைச் சரி செய்யாமல் மேலே எத்தனை ஷீட் ஒட்டினாலும் நீ நோயை மூடிப் போர்த்துகிறாய், அவ்வளவுதான்.

மூலத்தைச் சரி செய்தபின் மீதமிருப்பது இந்த இன்ஜினின் இயல்பான சத்தம். தண்ணீரில் குளிரும் இன்ஜினில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நின்று ஓசையைக் கொஞ்சம் விழுங்கும். இங்கே அது இல்லை. செதில்களும் காற்றாடியும் நேராகப் பேசுகின்றன. அதற்கு மூன்று பதில்கள் உண்டு.

ஒன்று, அதிரும் தகரத்தை அமைதியாக்கு. பின் சீட்டுக்குப் பின்னே உள்ள பள்ளத்தில் விரல் கணுவால் தட்டிப் பார். ‘டங்’ என்று ஒலித்தால் அங்கே பியூட்டைல் டாம்பிங் ஷீட்டை ஒட்டி ரோலரால் அழுத்து. ‘டக்’ என்று செத்த ஒலி வரும். ஒவ்வோர் அங்குலத்தையும் மூட வேண்டியதில்லை. அதிர்வது தகரத்தின் நடுப்பகுதிதான், அங்கே ஒட்டு. இரண்டு, அதன்மேல் கனமான ஃபெல்ட் விரி. அது காற்றில் வரும் ஓசையை வாங்கிக்கொள்ளும். மூன்று, கேபிள் நுழையும் ஓட்டைகளில் ரப்பர் குரோமெட் போடு. விரல் நுழையும் ஓட்டை ஒன்றை விட்டாலும் ஒட்டிய ஷீட்டெல்லாம் பாதி வீண்.

இன்ஜின் பக்கத்துச் சுவரில் தொழிற்சாலையே ஒரு தார் அட்டையைத் தகர நாக்குகளால் மடக்கிப் பிடித்து வைத்திருந்தது. ஏன் வெறும் பசையை நம்பவில்லை? காற்றாடியின் வாய் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது. சூட்டில் பசை இளகி அட்டை தொங்கினால், காற்றாடி அதைக் கவ்வி இழுத்துக்கொள்ளும். காற்று அடைபட்டு இன்ஜின் வெந்துபோகும். ஆகவே சூடு தாங்கும் மெல்லிய அட்டையாகப் பார்த்து வாங்கு. தகர நாக்குகளால் இறுக்கு. மூடியில் உள்ள காற்றுக் கீற்றுகளை ஒருபோதும் அடைக்காதே. எண்ணெயும் பெட்ரோலும் குடிக்கும் ஸ்பாஞ்சை அந்த அறைக்குள் விடவே விடாதே.

ஷீட் வாங்குவதற்கு முன்பே பெட்ரோல் ட்யூபைப் பார். வெடிப்பு கண்டால் மாற்று. அது தகரத்தைத் துளைத்து வரும் இடத்தில் குரோமெட் இல்லையென்றால் தகர விளிம்பே ட்யூபை அறுத்துவிடும். கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவை. பற்றிக்கொண்டால் அணைப்பது கடினம். ஒரு சின்ன ரப்பர் வளையத்தில் சோம்பல்பட்டு ஒரு காரையே எரித்தவர்கள் உண்டு.

தெரியாதவனுக்கும் வழி உண்டு

‘எனக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியாதே’ என்கிறாயா? அமெரிக்காவில் ஜான் மியூர் என்று ஒருவர் இருந்தார். தொழிலால் பொறியாளர். நல்ல வேலையை உதறிவிட்டு வோக்ஸ்வாகன் மெக்கானிக் ஆனார். 1969-இல் ‘ஹவ் டு கீப் யுவர் வோக்ஸ்வாகன் அலைவ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். ஒன்றும் தெரியாத முழு முட்டாளுக்கான புத்தகம் என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டார்! பீட்டர் அஷ்வாண்டனின் கோட்டோவியங்களோடு வந்த அந்தப் புத்தகத்தை லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். ஸ்பேனரையே தொட்டிராதவர்கள் அதைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு தங்கள் இன்ஜினைத் தாங்களே இறக்கினார்கள். தெரியாது என்று ஒப்புக்கொள்வது வெட்கமில்லை, தங்கையே. தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவதுதான் வெட்கம்.

செய்த தொழிற்சாலையே கற்றுக்கொண்டுதான் இருந்தது. பல வருஷம் ஆயில் கூலர் காற்று உறைக்குள்ளேயே நின்றது. மூன்றாம் சிலிண்டருக்கு வரவேண்டிய காற்று அதில் பட்டுச் சூடாகித்தான் இறங்கியது. லட்சம் லட்சமாக விற்றுத் தீர்ந்த காரில், 1971 மாடலில்தான் அந்தக் கூலரை முன்பக்கம் தள்ளித் தனிக் காற்று வழி கொடுத்தார்கள். கோடிக்கு மேல் விற்றவனே திருத்திக்கொள்கிறான். முதல் தடவை கை வைக்கும் நீ மட்டும் பிழையே இல்லாமல் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? ஷீட் கோணலாக ஒட்டினால் உரித்து எடு. பெயின்ட் வழிந்தால் தேய்த்து மறுபடி அடி.

எழு! ஷெட்டைத் திற! ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்மூடிக்குள் தலையை விடு. ஒவ்வொரு துண்டையும் தொட்டு, ‘நீ எதற்கு இங்கே இருக்கிறாய்?’ என்று கேள். பதில் தெரியாததைத் தாளில் எழுது. அந்தத் தாள்தான் உன் பயத்தின் முழுப் பட்டியல். ஒன்றைப் படி, ஒன்றைக் கேள், ஒன்றைக் கழற்றிப் பார். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வா. கடைசி வரியையும் அடித்துவிட்டுச் சாவியைத் திருப்பு. வண்டி அப்போதும் பேசும், பேசட்டும். ஆனால் அதன் ஒவ்வொரு ஓசையும் எங்கிருந்து, எதனால் வருகிறது என்று சொல்ல அந்தத் தெருவிலேயே ஓர் ஆள் இருப்பார். அது நீ!