ஆடுவோரும் அறமும்: பல்கலைக்கழக ஆய்வில் கணினி விளையாட்டு

முன்னுரை

உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்ணுகிறது. டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹாய்சிங்கா, பண்பாடு விளையாட்டின் வடிவிலேயே தோன்றி வளர்கிறது என்னும் கருத்தைத் தம் ‘ஹோமோ லூடென்ஸ்’ (1938) நூலில் முன்வைத்தார். எனினும், கணினி விளையாட்டு என்றவுடன் கல்வியுலகில் தயக்கம் எழுகிறது.

இந்தியாவில் அரசின் கவனம் இதன்மீது இருவகையாகப் படிந்துள்ளது. அசைவூட்டம், விளையாட்டு முதலிய துறைகளில் வேலைவாய்ப்பைப் பெருக்குதற்குரிய பணிக்குழு ஒன்று 2022ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025இல் இயற்றியது. முன்னது தொழிலைக் கருதியது. பின்னது தீங்கைக் கருதியது. விளையாட்டு எதனை உணர்த்துகிறது, ஆடுவோரை எந்நிலையில் நிறுத்துகிறது என்னும் வினா இவ்விரண்டிலும் அடங்குவதன்று. அவ்வினா பல்கலைக்கழகத்திற்கு உரியதா என்பதனை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தெரிவும் படைப்பும்

கணினி விளையாட்டு இலக்கியத்திற்கோ திரைப்படத்திற்கோ நிகராகாது என்று அமெரிக்கத் திரைப்படத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் 2005இல் வாதிட்டார். கலைக்குப் படைப்பாளியின் கட்டுப்பாடு இன்றியமையாதது. விளையாட்டோ ஆடுவோரின் தெரிவைச் சார்ந்தது என்பது அவர் கூறிய காரணம். எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று இது. ஆயினும், தெரிவையே கலைப்பொருளாக்கும் படைப்புகள் அதனை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றன.

லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ இதற்குத் தக்க சான்று. இதில் ஆடுவோர் கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடி அலுவலராகின்றார். சரிபார்க்கும் ஆள் ஒருவருக்கு இவ்வளவு என ஊதியம். அவ்வூதியத்தில்தான் குடும்பத்தின் உணவும் மருந்தும். கணவன் ஒருவன் உரிய ஆவணங்களுடன் உள்ளே செல்கிறான். அடுத்து வரும் அவன் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பி அனுப்பினால் தன்னைக் கொன்றுவிடுவர் என்று அவள் மன்றாடுகிறாள். அனுமதித்தால் விதிமீறல் பதிவாகும். அத்தகைய பதிவுகள் மிகின் ஊதியம் குறையும்.

காப்பியத்தில் இக்காட்சியைக் கற்பவர் இரங்குவார். இங்கே இரங்குவதோடு அமைய இயலாது. திருப்பி அனுப்பும் முத்திரையைக் குத்தும் கை அவருடையது. ஆகவே, எழும் உணர்வு அழுகைக்கு அப்பால் சென்று குற்றவுணர்வாகிறது. விதியை வகுத்தவர் போப். அதன்படி ஒழுகியவர் ஆடுவோர். ‘விதி அவ்வாறு உள்ளது’ என்று தம்மைத் தேற்றிக்கொள்ளும் கணத்தில், அலுவலகங்களில் நாள்தோறும் ஒலிக்கும் அச்சொல்லின் உட்பொருளை அவர் உணர்கிறார். தெரிவுகளையும் அவற்றின் விலையையும் வகுப்பதே இங்குப் படைப்பாளியின் கட்டுப்பாடாகிறது.

அப்பெண் திரையில் தோன்றும் உருவந்தானே, அங்கு அறம் எங்கே என வினவலாம். நாடக மாந்தரும் உண்மையர் அல்லர். அவர்பொருட்டு எழும் துயரை எவரும் பொய்யென்பதில்லை. எனினும், இவ்வாற்றல் இருமுனையுடையது. எண்ணிப் பாராமல் கொல்லவும், நிறுத்த இயலாமல் செலவிடவும் ஆடுவோரைப் பழக்கும் விளையாட்டுகளும் உள. ஆய்வு என்பது பாராட்டு அன்று. இவற்றைப் பிரித்தறியும் திறனை வளர்த்தலே அதன் பயன்.

ஆய்வுமுறை

எஸ்பன் ஆர்செத் ‘சைபர்டெக்ஸ்ட்’ (1997) நூலில், பயில்வோரின் முயற்சியால் உருப்பெறும் பனுவல்களைத் தனித்து ஆராய்ந்தார். 2001இல் அவரை ஆசிரியராகக் கொண்டு ‘கேம் ஸ்டடீஸ்’ ஆய்விதழ் தொடங்கியது. கதைச்சுருக்கத்தைக் கொண்டு விளையாட்டை மதிப்பிடல் பொருந்தாது என்பது இத்துறையின் அடிப்படைப் பாடம். ஈபர்ட்டும், ஆடிப் பாராமல் கருத்துரைத்திருக்கக் கூடாது என்று 2010இல் ஒப்புக்கொண்டார்.

கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய ‘வெண்பா’ (2023) தமிழாய்வாளர்க்கு நெருக்கமான சான்றாகும். சிதைந்த சமையற் குறிப்பேட்டில் அழிந்த இடங்களை ஆடுவோரே உய்த்துணர்ந்து சமைக்க வேண்டும். ஏட்டுச்சுவடியின் விடுபட்ட அடிகளோடு போராடிய பதிப்பாசிரியர் இம்முயற்சியை நன்கறிவர்.

முடிவுரை

தொழில் நுணுக்கத்தை மட்டும் கற்பிக்கும் பல்கலைக்கழகம் விளையாட்டை ஆக்குவோரை உருவாக்கும். அதனை மதிப்பிடுவோரை உருவாக்காது. செயலுக்குப் பொறுப்பேற்றல் என்னும் அறவினா இளைஞர் கைகளில் இன்று விளையாட்டாகவே வந்து சேர்கிறது. அதனை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துதல், அவ்வினாவிற்கு விடைகாணும் பொறுப்பினின்று கல்வியுலகம் விலகிக்கொள்வதாகவே அமையும்.