கடல்நீர்த் தொட்டியின் கபிலப் பாசியும் கொல்லாமையும்

புதிதாக அமைத்த கடல்நீர் மீன்தொட்டியில், இரண்டாம் மூன்றாம் வாரத்தில், வெள்ளை மணலின்மேல் கபில நிறப் படலம் ஒன்று படரும். தேயிலைச் சாயம் கொட்டிக் காய்ந்ததுபோல் இருக்கும். விரல் பட்டால் தூளாகக் கலையும். விளக்கு எரியும் சில மணி நேரத்தில் மறுபடி கூடிவிடும். பெரும்பாலும் இது டயட்டம் என்னும் ஒருகல உயிரி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. நீரில் கரைந்த சிலிக்கா இருக்கும்வரை பெருகும். தீர்ந்தால் தானே ஓயும்.

நீரில் சிலிக்கா எப்படிச் சேர்கிறது என்பதற்கு வட்டவளை ஓர் உதாரணம். இலங்கையில் மிக அதிக மழை பெறும் ஊர்களில் அது ஒன்று. ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல். அந்த மழை மண்ணிலும் பாறையிலும் ஊறி, மலைநீர் கொட்டும் பீலியில் வந்து விழும்போது சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு வருகிறது. பீலித் தண்ணீரில் உப்பைக் கரைத்துத் தொட்டியை நிரப்பினால், டயட்டத்துக்கு முதல் நாளே உணவு தயார். பீலியடிக் கல் வழுக்குவதிலும் இதன் நன்னீர் உறவினர்களுக்குப் பங்கு உண்டு.

இப்படலத்தைத் துடைத்தெறிவது கொலையா என்பது விளையாட்டுக் கேள்வி அல்ல. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டும் உள்ள ஓரறிவு உயிர் என வகுக்கிறது. சமணம் இன்னும் தூரம் போகிறது. பாசி, பூஞ்சணம் போன்றவற்றில் ஒரே உடலை எண்ணற்ற உயிர்கள் பகிர்ந்துகொள்கின்றன என்பது அதன் நிகோதக் கொள்கை. ஆனால் ஓரறிவு உயிரை வதைப்பதை அறவே தவிர்க்க வேண்டியவர் துறவியே. இல்லறத்தார் தேவைக்கு மேல் வதைக்காதிருந்தால் போதும். மீன்தொட்டி தேவையில் சேருமா என்று ஒரு சமண ஆசிரியர் கேட்டிருந்தால், பாசியைப் பற்றிப் பேசவே இடமிருந்திருக்காது.

சைவ சித்தாந்தத்துக்கு இடைஞ்சல் வேறு திசையில் வருகிறது. கருப்பை, முட்டை, வித்து, வேர்வை எனப் பிறப்பு நால்வகை. உயிர்கள் பல, அநாதியானவை, படைக்கப்படாதவை. டயட்டமோ ஒன்றன்மேல் ஒன்று கவிந்த இரண்டு ஓட்டுப் பாதிகளைக் கொண்டது. அது பிரியும்போது இரு சேய்க்கலங்களும் ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு, உள்ளே அடங்கும் சின்னப் பாதியைப் புதிதாகக் கட்டுகின்றன. அதனால் தலைமுறைக்குத் தலைமுறை பலவற்றின் உருவம் சிறுத்துப்போகிறது. ஓர் எல்லைக்குமேல் பாலினப் பெருக்கத்தால் பழைய அளவு மீள்கிறது. ஆன்மா பிளவுபடாது எனில், புதிய கலத்துக்கு வேறோர் ஆன்மா வந்து சேர்ந்தது என்றே கொள்ள வேண்டும். கொள்கைக்கு இதனால் சேதமில்லை. ஒரு துடைப்பில் போன உயிர்கள் எத்தனை என்ற கணக்குத்தான் கைநழுவுகிறது.

தேரவாத பௌத்தம் கேள்வியை மனத்துக்கு மாற்றுகிறது. உயிர் இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, சாவு ஆகிய ஐந்தும் கூடினால்தான் கொலை. தாவரத்துக்கு மனம் இல்லை என்பதால் இல்லறத்தார் பாசியைத் துடைப்பது இந்தக் கணக்கில் வராது. பிக்குவுக்கு மட்டும் செடிகொடிகளைச் சிதைக்கத் தடை உண்டு; உயிரினம் இருப்பதை அறிந்தே அந்த நீரைப் பயன்படுத்தவும் தடை. நீர்வடி அவருடைய எட்டு உடைமைகளுள் ஒன்று.

கொழுந்து பறித்தும் புல் வெட்டியும் பிழைக்கும் தேயிலைத் தோட்டத்தில், விரத நாளில் கறி சமைக்காதவரும் மறுநாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். கொழுந்து கிள்ளுவதை யாரும் கொலை என்பதில்லை. இந்த நடைமுறை, மூன்று மதங்களின் இல்லற விதிக்கும் ஏறத்தாழ ஒத்ததே. ஆக, டயட்டத்தைத் துடைப்பதில் பெரிய பழி ஏதும் இல்லை. பயனும் அதிகமில்லை: சிலிக்கா நீரிலேயே நிற்பதால் படலம் திரும்ப வரும். தலைகீழ் சவ்வூடு பரவல் முறையில் வடித்த நீரை ஊற்றிவிட்டுச் சில வாரம் பொறுத்திருப்பதே சரியான வைத்தியம்.

உண்மையான சிக்கல் நத்தையில் இருக்கிறது. படலத்தை மேயவென்று பலர் கடல்நத்தைகளை வாங்கி விடுகிறார்கள். கையால் செய்யத் தயங்கிய வேலையை வாயுள்ள இன்னொன்றிடம் ஒப்படைப்பது, எண்ணமே வினை என்னும் பௌத்த அளவுகோலில் பொறுப்பைக் குறைக்காது. அதைவிட, டயட்டம் தீர்ந்த தொட்டியில் அந்த நத்தை பட்டினி கிடந்து சாகும். எந்த மரபின் வகுப்பிலும் அது பாசியைவிட மேலான அறிவுள்ள உயிர். வாங்குவதானால் ஒன்றிரண்டோடு நிறுத்தி, கண்ணாடியில் பச்சைப் பாசி பிடிக்கும்வரை உலர்ந்த கடற்பாசித் தாளைக் கல்லில் கட்டி உணவாக வைக்க வேண்டும்.